கணினிக் கேள்வி–பதில்: செயலிகள் பழைய முகவரியை மறப்பது எப்போது?

பல கோர்கள் (ஒரு செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் கணக்கீட்டுப் பகுதிகள்) உள்ள கணினிகளில் நினைவக முகவரிகளைக் கையாளும் முறை பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்துப் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் தரவுத்தளத்துக்காக 32 கோர்கள் கொண்ட லினக்ஸ் சர்வர் ஒன்று இயங்குகிறது. குறுக்கீடுகளின், அதாவது ஓடும் வேலையை இடைநிறுத்திக் கோரை அழைக்கும் சமிக்ஞைகளின், எண்ணிக்கையைக் காட்டும் கோப்பைத் திறந்தால், ‘டி.எல்.பி. ஷூட்டவுன்ஸ்’ என்ற வரியில் எல்லாக் கோர்களுக்கும் எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. இது வன்பொருள் கோளாறா? அல்லது யாரேனும் சர்வரைத் தாக்குகிறார்களா?
— சர்வர் நிர்வாகி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் இல்லை. அந்த வரி, கோர்கள் தம் நினைவில் வைத்திருக்கும் பழைய முகவரிகளை அழிக்கும்படி கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எத்தனை முறை அவற்றைத் தட்டியெழுப்பியது என்பதன் கணக்கு.

ஒரு நிரல் பயன்படுத்தும் முகவரி மெய்நிகர் முகவரிதான். ரேமில் அந்தத் தரவு உண்மையில் எங்கே இருக்கிறது என்பதைக் கெர்னல் பராமரிக்கும் பக்க அட்டவணையே சொல்லும். 64 பிட் எக்ஸ்86 செயலிகளில் இந்த அட்டவணை வழக்கமாக நான்கு அடுக்குகள் கொண்டது. 48 பிட் முகவரியில் ஒன்பது ஒன்பது பிட்டுகளாக உள்ள நான்கு பகுதிகள் அடுக்குக்கு ஒரு பதிவைச் சுட்ட, எஞ்சிய 12 பிட்டுகள் 4,096 பைட்டுகள் கொண்ட பக்கத்துக்குள் உரிய இடத்தைச் சுட்டுகின்றன. ஒவ்வொரு முறை தரவைத் தொடும்போதும் நான்கு அடுக்குகளையும் இறங்கிப் பார்ப்பது கட்டுப்படியாகாது. ஆகவே ஒவ்வொரு கோரும் அண்மையில் கண்டறிந்த விடைகளை டி.எல்.பி. (டிரான்ஸ்லேஷன் லுக்அசைட் பஃபர்) என்னும் சிறிய கேஷில், அதாவது விரைவாக எடுக்கக்கூடிய தற்காலிகச் சேமிப்பில், வைத்துக்கொள்கிறது. இன்டெலின் ஸ்கைலேக் கோரில் தரவுக்கான முதல்நிலை டி.எல்.பி.யில் 64 பதிவுகளும், இரண்டாம் நிலையில் 1,536 பதிவுகளும் உள்ளன. அந்த 1,536 பதிவுகளும் 4 கிலோபைட் பக்கங்களாக இருந்தால் மொத்தம் 6 மெகாபைட் அளவுக்கே அவை வழிகாட்டும்.

உங்கள் தரவுத்தளத்தின் த்ரெட்டுகள் (ஒரே நிரலுக்குள் தனித்தனியே ஓடும் வேலைகள்) பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. அவை அனைத்துக்கும் பக்க அட்டவணை ஒன்றுதான். ஒரு த்ரெட் ‘எம்-அன்மேப்’ அழைப்பின் மூலம் ஒரு நினைவகப் பகுதியைத் திருப்பிக் கொடுத்தால், கெர்னல் அட்டவணையில் உள்ள பதிவை நீக்கிவிடும். தான் ஓடிக்கொண்டிருக்கும் கோரின் டி.எல்.பி.யை அழிக்கவும் அதற்குக் கட்டளை உண்டு. ஆனால் எக்ஸ்86இல் அக்கட்டளை அந்தக் கோரோடு நின்றுவிடும். மற்ற கோர்களின் டி.எல்.பி.களில் நீக்கப்பட்ட பதிவு அப்படியே இருக்கும். அட்டவணை மாறியது அவற்றுக்குத் தெரியாது. எனவே கெர்னல் அந்த ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எந்தெந்தக் கோர்களில் ஓடுகிறது என்று தான் வைத்திருக்கும் குறிப்பைப் பார்த்து, அவற்றுக்குக் குறுக்கீடு அனுப்பி, அவை ஒவ்வொன்றும் தம் பதிவை அழித்துவிட்டோம் என்று தெரிவிக்கும்வரை காத்திருக்கிறது. நீங்கள் பார்த்த எண்கள் இந்தக் குறுக்கீடுகளுக்கு உரியவை.

நினைவகத்தை அடிக்கடி வாங்கித் திருப்பும் எந்தப் பெரிய நிரலிலும் இவை பெருகும். வினாடிக்கு எத்தனை என்பதை ஒரு நாளின் வெவ்வேறு நேரங்களில் குறித்துவைத்து, சர்வர் மந்தமாகும் வேளையோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அந்த வரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கேள்வி: ஒரு கோர் எழுதிய தரவை மற்ற கோர்களின் கேஷ்களுக்குத் தெரிவிக்கும் வேலையை வன்பொருளே செய்துவிடுகிறது என்று வகுப்பில் படித்தோம். டி.எல்.பி.க்கு மட்டும் ஏன் கெர்னல் மெனக்கெட வேண்டும்?
— கணினியியல் மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: நல்ல கேள்வி. தரவுக் கேஷில் ஒவ்வொரு வரியும் இயற்பியல் முகவரியால் அடையாளம் காணப்படுகிறது. ஆகவே ஒரு கோர் ஒரு முகவரியில் எழுதும்போது, அம்முகவரியின் நகல் வேறெங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் செல்லாததாக்குவது வன்பொருளுக்கு எளிது. டி.எல்.பி. பதிவோ நினைவகத்தில் உள்ள எதன் நேரடி நகலும் அன்று. அது நான்கு அடுக்குகளில் படித்த நான்கு பதிவுகளிலிருந்து பெறப்பட்ட விடை. மெய்நிகர் முகவரியைக் கொண்டே அதைத் தேட முடியும். அட்டவணையின் ஏதோ ஓர் அடுக்கில் எட்டு பைட்டுகள் மாறினால், அதனால் எந்த டி.எல்.பி. பதிவுகள் பொய்யாகின என்று அறிய, ஒவ்வொரு பதிவும் தான் எந்த அட்டவணை முகவரிகளிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். கோரின் மிக நெருக்கடியான இடத்தில், ஒவ்வொரு தரவு அணுக்கத்திலும் பயன்படும் ஒரு சிறு கேஷில், இந்தக் கூடுதல் சுமையை ஏற்க வடிவமைப்பாளர்கள் விரும்பவில்லை. முடியாத காரியமும் அன்று: டி.எல்.பி.யையும் தரவுக் கேஷின் ஒத்திசைவு நெறிக்குள் கொண்டுவரும் வடிவமைப்பு ஒன்றை டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டார்கள்.

மென்பொருளே இதைச் செய்யும் முறையைத் தெளிவாக வகுத்தது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மாக் இயங்குதளக் குழு. டேவிட் பிளாக், ரிச்சர்ட் ரஷித் உள்ளிட்டோர் 1989இல் வெளியிட்ட கட்டுரையில் உள்ள முறை இன்றைய லினக்ஸ் செய்வதைவிடக் கடுமையானது. அட்டவணையை மாற்ற விரும்பும் செயலி மற்றச் செயலிகளுக்குக் குறுக்கீடு அனுப்பும். அவை ஓடும் வேலையை நிறுத்தி, நின்றுவிட்டதாக அறிவித்துவிட்டுக் காத்திருக்கும். அட்டவணை மாற்றம் முடிந்த பிறகே அவை தம் டி.எல்.பி.யை அழித்துவிட்டு வேலைக்குத் திரும்பும். இத்தனை எச்சரிக்கைக்குக் காரணம், அக்காலச் செயலிகள் சிலவற்றில் ‘இப்பக்கம் தொடப்பட்டது’, ‘இப்பக்கத்தில் எழுதப்பட்டது’ என்னும் குறிகளை டி.எல்.பி. தானாகவே அட்டவணையில் எழுதிவிடும் என்பதே. மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது பழைய பதிவை வைத்திருக்கும் ஒரு செயலி அக்குறியை எழுதினால், புதிதாக எழுதிய பதிவே சிதைந்துபோகலாம். இன்றைய எக்ஸ்86 செயலிகள் அக்குறிகளை அணு நடவடிக்கையாக, அதாவது இடையில் பிறர் புகமுடியாத ஒரே செயலாக எழுதுகின்றன. ஆகையால் லினக்ஸ் முதலில் அட்டவணையை மாற்றிவிட்டுப் பிறகு குறுக்கீடு அனுப்பினால் போதும். மற்ற கோர்கள் நின்று காத்திருக்க வேண்டியதில்லை, அனுப்பிய கோர் மட்டுமே காத்திருக்கும்.

கேள்வி: சில மைக்ரோ வினாடிகள் பழைய முகவரி எங்கோ ஒரு கோரில் தங்கிவிட்டால் என்ன பெரிய நட்டம்? நடைமுறையில் இதனால் கெடுதல் நடந்திருக்கிறதா?
— வாசகர், சென்னை

பதில்: எந்த மாற்றத்தின் போது தங்குகிறது என்பதைப் பொறுத்தது. அனுமதி கூடும் மாற்றங்களில் நட்டமே இல்லை. படிக்க மட்டும் முடிந்த பக்கத்தில் எழுதவும் அனுமதி கொடுத்தால், பழைய பதிவை வைத்திருக்கும் கோர் எழுதப் போகும்போது பிழைக் குறுக்கீடு எழும். கெர்னல் அட்டவணையைப் பார்த்து, அனுமதி ஏற்கெனவே இருக்கிறது என்று கண்டு, அப்படியே திருப்பி அனுப்பிவிடும். ‘இப்பக்கம் அண்மையில் தொடப்பட்டதா’ என்னும் குறியை அழிக்கும்போதுகூட எக்ஸ்86 லினக்ஸ் டி.எல்.பி.யை அழிப்பதில்லை. எந்தப் பக்கத்தை வெளியேற்றலாம் என்ற கணிப்பு சற்றுப் பிசகும், அவ்வளவே; அதற்காக எல்லாக் கோர்களையும் எழுப்புவது வீண் என்பது கெர்னல் எழுதுவோரின் முடிவு, எனக்கும் அது சரியென்றே படுகிறது.

அனுமதி குறையும் மாற்றங்களும், பக்கமே கைமாறும் மாற்றங்களும் வேறு வகை. அங்கே வரிசை பிசகக் கூடாது: முதலில் அட்டவணையில் நீக்க வேண்டும், அடுத்து எல்லாக் கோர்களிலும் அழிக்க வேண்டும், அதன் பிறகே அந்த ரேம் பக்கத்தை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டும். காலி செய்தவரிடம் எல்லாச் சாவிகளையும் திரும்ப வாங்குவதற்கு முன்பே புதியவரைக் குடியேற்றினால் என்ன ஆகுமோ, வரிசை மாறினால் அதுவே ஆகும். லினக்ஸில் நினைவகத்தை விடுவிக்கும் பகுதி, நீக்கிய பக்கங்களை உடனே விடுவிக்காமல் ஒரு பட்டியலில் தேக்கிவைத்து, டி.எல்.பி. அழிப்பு முடிந்த பின் மொத்தமாக விடுவிப்பது இதற்காகத்தான்.

கெடுதல் நடந்ததா என்று கேட்டீர்கள். கூகுளின் புராஜெக்ட் ஸீரோ குழுவைச் சேர்ந்த ஜேன் ஹார்ன் 2018இல் வெளிக்கொணர்ந்த பாதுகாப்புக் குறை இதற்குச் சரியான சான்று. ‘எம்-ரீமேப்’ என்னும் அழைப்பு, ஒரு நினைவகப் பகுதியை ஒரு மெய்நிகர் முகவரியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துகிறது. ரேமில் தரவு இருந்த இடத்திலேயே இருக்கும். அட்டவணைப் பதிவுகள் மட்டும் இடம் மாறும். முன்பு பக்கத்துக்கு ஒரு முறை என்று குறுக்கீடு அனுப்பிக்கொண்டிருந்ததைத் தவிர்ப்பதற்காக, எல்லாப் பதிவுகளையும் நகர்த்திவிட்டுக் கடைசியில் ஒரே முறை அழிக்கும்படி, லினக்ஸ் 3.2 பதிப்பில் அதை மாற்றியிருந்தார்கள். நோக்கம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கடைசி அழிப்பு நடப்பதற்கு முன்பே, மாற்றத்தின் போது பிறர் அட்டவணையைத் தொடாதபடி தடுக்கும் பூட்டு திறக்கப்பட்டுவிட்டது.

அந்தச் சிறு இடைவெளியில் என்ன நடக்க முடியும் என்று பாருங்கள். ஒரே ப்ராசஸின் மூன்று த்ரெட்டுகள் மூன்று கோர்களில் ஓடுகின்றன. முதல் த்ரெட் ‘எம்-ரீமேப்’ அழைத்து, பதிவைப் புதிய முகவரிக்கு நகர்த்திவிட்டது. பழைய முகவரியை இன்னும் அழிக்கவில்லை. இரண்டாவது த்ரெட் அந்தப் பகுதிக்குப் பின்னால் உள்ள கோப்பை ‘எஃப்-ட்ரன்கேட்’ மூலம் சுருக்குகிறது. கெர்னல் அட்டவணையில் பக்கத்தைப் புதிய முகவரியில் கண்டு, அந்த முகவரியை மட்டும் எல்லாக் கோர்களிலும் ஒழுங்காக அழித்துவிட்டு, பக்கத்தை விடுவிக்கிறது. பக்கம் வேறொரு ப்ராசஸுக்கோ கெர்னலுக்கோ போய்ச் சேர்கிறது. மூன்றாவது த்ரெட்டின் கோரில் பழைய முகவரிக்கான பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் வழியே அந்தத் த்ரெட் இப்போது பிறருடைய பக்கத்தைப் படிக்கலாம், அதில் எழுதவும் செய்யலாம். இரண்டாவது த்ரெட்டுக்காகக் கெர்னல் செய்த அழிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பழைய முகவரி என்று ஒன்று இருந்ததே அதற்குத் தெரியாது. 2012 தொடக்கத்தில் வெளியான 3.2 முதல், 2018 அக்டோபரில் வெளியான 4.19இல் சரிசெய்யப்படும்வரை இக்குறை நீடித்தது. திருத்தம் சில வரிகள்தாம்: பூட்டைத் திறப்பதற்கு முன்பே அழித்துவிட வேண்டும்.

கேள்வி: ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது டி.எல்.பி. முழுதும் அழிந்துவிடும் என்கிறார்களே, பிறகு எங்கிருந்து பழைய பதிவு வரும்?
— பொறியாளர், மதுரை

பதில்: முன்பு அப்படித்தான் இருந்தது. பதிவுகளில் ப்ராசஸ் அடையாள எண்ணையும் சேர்க்கும் பி.சி.ஐ.டி. வசதியை லினக்ஸ் 2017இல் வெளியான 4.14 பதிப்பிலிருந்து எக்ஸ்86இல் பயன்படுத்துகிறது. அதன்படி ஒரு ப்ராசஸ் வெளியேறினாலும் அதன் பதிவுகள் கோரில் தங்கியிருக்கும். வன்பொருள் 4,096 எண்களை அனுமதித்தாலும், லினக்ஸ் ஒரு கோருக்கு அண்மைய ஆறு முகவரி வெளிகளை (ஒவ்வொரு ப்ராசஸுக்கும் உரிய மெய்நிகர் முகவரித் தொகுதிகளை) மட்டுமே நினைவில் வைக்கிறது. ப்ராசஸ் அந்தக் கோரில் இல்லாதபோது அட்டவணை மாறினால் குறுக்கீடு அனுப்புவதில்லை. மாறாக, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தலைமுறை எண்ணை ஏற்றிவைக்கிறது. ப்ராசஸ் திரும்பி வரும்போது கோர் கடைசியாக அறிந்த எண்ணும் இப்போதைய எண்ணும் வேறுபட்டால், பழைய பதிவுகள் அப்போது அழிக்கப்படுகின்றன. 2018 ஜனவரியில், நிரல்கள் கெர்னலின் நினைவகத்தைப் படிக்க வழிவிடும் மெல்ட்டவுன் என்னும் செயலிக் குறை வெளியாகி, ஒவ்வொரு கெர்னல் அழைப்பிலும் அட்டவணையை மாற்ற வேண்டிய நிலை வந்தபோது, இந்த வசதி உள்ள செயலிகள் அதனால் வரும் வேகக் குறைவிலிருந்து ஓரளவு தப்பித்தன.

கேள்வி: கைப்பேசியில் உள்ள ஆர்ம் செயலிகளிலும் இதே குறுக்கீடுகள் உண்டா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இல்லை. 64 பிட் ஆர்ம் கட்டமைப்பில் டி.எல்.பி. அழிக்கும் கட்டளையையே எல்லாக் கோர்களுக்கும் ஒலிபரப்பலாம். கெர்னல் அட்டவணையில் எழுதியது மற்றவர் கண்ணுக்குத் தெரியும்வரை ஒரு தடுப்புக் கட்டளையில் நின்று, அழிக்கும் கட்டளையை ஒலிபரப்பி, எல்லாக் கோர்களும் முடித்துவிட்டன என்று வன்பொருள் சொல்லும்வரை இன்னொரு தடுப்புக் கட்டளையில் நிற்கும். மற்ற கோர்களில் ஓடும் நிரல்கள் நிறுத்தப்படுவதில்லை. இதற்கு ஈடாக ஆர்ம் ஒரு கண்டிப்பு வைத்திருக்கிறது: செல்லுபடியாகும் ஒரு பதிவில் முகவரியையோ பக்க அளவையோ நேரடியாக மாற்றி எழுதக் கூடாது, முதலில் அதைச் செல்லாததாக்கி, எங்கும் அழித்து, அதன்பின் புதியதை எழுத வேண்டும்.

எக்ஸ்86 உலகிலும் ஏ.எம்.டி. நிறுவனம் ஸென் 3 தலைமுறை சர்வர் செயலிகளில் ஒலிபரப்பு வசதி உள்ள கட்டளையைக் கொண்டுவந்தது. 2025இல் வெளியான 6.15 பதிப்பிலிருந்து லினக்ஸ் அதைப் பயன்படுத்துகிறது. குறுக்கீடு போனாலும் காத்திருப்பு போகவில்லை. பக்கத்தை விடுவிப்பதற்கு முன் எல்லாரும் முடித்தாயிற்று என்ற உறுதி ஆர்மிலும் ஏ.எம்.டி.யிலும் வேண்டியதே.

கேள்வி: மெய்நிகர்க் கணினிகளில் இது இன்னும் மோசம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
— மேகக் கணிமைப் பணியாளர், பெங்களூரு

பதில்: உண்மை. மெய்நிகர்க் கணினிக்குள் ஓடும் விருந்தினர் இயங்குதளம் தன் ‘கோர்’ ஒன்றுக்குக் குறுக்கீடு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும்போது, அந்த மெய்நிகர்க் கோரை அடித்தள இயங்குதளம் ஓரமாக நிறுத்திவைத்திருக்கலாம். அது மீண்டும் ஓடத் தொடங்கும்வரை பதில் வராது. மைக்ரோ வினாடிகளில் முடிய வேண்டியது மில்லி வினாடிகளுக்கு நீளும். நிறுத்தப்பட்ட கோர் எந்தப் பழைய பதிவையும் பயன்படுத்த முடியாது என்பதை வைத்தே இதற்குத் தீர்வு கண்டார்கள். லினக்ஸின் மெய்நிகர்க் கணினி வசதியான கே.வி.எம்.இல் விருந்தினர் லினக்ஸ், அத்தகைய கோருக்குக் குறுக்கீடு அனுப்பாமல், ‘திரும்ப ஓடுவதற்கு முன் டி.எல்.பி.யை அழி’ என்று பகிர்வு நினைவகத்தில் ஒரு குறியை இட்டுவிட்டு நகர்ந்துவிடும். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி, அழிப்பை அடித்தளமே செய்துகொடுக்கும்படி தனி அழைப்பு ஒன்றை வைத்திருக்கிறது.

கேள்வி: ஒரு கோரை முற்றிலும் ஒதுக்கி, அதில் எங்கள் நேர உணர்வுள்ள நிரலை மட்டும் ஓட்டுகிறோம். டைமர் குறுக்கீட்டையும் நிறுத்திவிட்டோம். இருந்தும் டி.எல்.பி. குறுக்கீடு அவ்வப்போது வந்து தாளத்தைக் கெடுக்கிறது. எப்படித் தடுப்பது?
— மென்பொருளாளர், சென்னை

பதில்: ஒதுக்கப்பட்டது கோர்தான், உங்கள் ப்ராசஸின் முகவரி வெளி ஒதுக்கப்படவில்லை. அதே ப்ராசஸின் பதிவேடு எழுதும் த்ரெட்டோ கண்காணிப்புத் த்ரெட்டோ வேறொரு கோரில் நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்தால், அல்லது ‘ஃபோர்க்’ செய்து பக்கங்களை எழுத முடியாதவையாக மாற்றினால், உங்கள் ஒதுக்கிய கோரும் எழுப்பப்படும். ஆகவே முதல் வேலை, அத்தகைய துணைப் பணிகளைத் தனி ப்ராசஸ்களாகப் பிரித்து, தேவையான பகுதியை மட்டும் பகிர்வு நினைவகமாக வைப்பது. த்ரெட்டுகளாகவே இருக்க வேண்டும் என்றால், வேண்டிய நினைவகம் முழுவதையும் தொடக்கத்திலேயே வாங்கித் தொட்டுவைத்து, கடைசிவரை திருப்பாமல் இருங்கள். லினக்ஸின் அடிப்படை நிரலகமான ஜி.லிப்சியில் நினைவகம் வாங்கித் தரும் ‘மலாக்’ பெரிய துண்டுகளைத் தனி ‘எம்-மேப்’ ஆக வாங்கி, ‘ஃப்ரீ’ செய்தவுடன் கெர்னலுக்குத் திருப்பிவிடும் வழக்கமுள்ளது; அதன் ‘எம்-மேப்’ வரம்பையும் ‘ட்ரிம்’ வரம்பையும் உயர்த்தினால் இது நிற்கும்.

2 மெகாபைட் பெரும் பக்கங்கள் பதிவுகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். ஆனால் பக்கங்களைத் தானாகச் சேர்த்துப் பெரிதாக்கும் கெர்னல் வசதியை நம்ப வேண்டாம்; அந்தச் சேர்ப்பே ஓர் அழிப்பை வரவழைக்கும். முன்கூட்டி ஒதுக்கப்பட்ட பெரும் பக்கங்களே உங்களுக்கு ஏற்றவை. சர்வரில் ஒன்றுக்கு மேற்பட்ட நினைவக முனைகள் (வெவ்வேறு கோர்களுக்கு அருகில் பிரிந்திருக்கும் நினைவகப் பகுதிகள்) இருந்தால், எந்தப் பக்கத்தை எந்தக் கோர் தொடுகிறது என்று அறிவதற்காகக் கெர்னல் அவ்வப்போது அனுமதியைப் பறித்துப் பார்க்கும் தானியங்கி நூமா சமன்செய்தலை அணைத்துவிடுங்கள். ‘எம்-லாக்-ஆல்’ அழைத்து நினைவகத்தைப் பூட்டுவது நல்லதுதான், எனினும் பூட்டிய பக்கம் டிஸ்குக்குப் போகாது என்பதே அதன் உறுதிமொழி. நினைவகத்தை நெருக்கி அடுக்கும்போது கெர்னல் அதையும் இடம் மாற்றக்கூடும், மாற்றினால் டி.எல்.பி. அழிப்பு வரும். பூட்டிய பக்கங்களை அந்த அடுக்கலிலிருந்து விலக்குவதற்கென்றே, கெர்னலின் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் தனி அமைப்பு இருக்கிறது, அதைச் சுழியமாக்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எப்போதாவது ஒன்று வந்தால், அது கெர்னல் தன் சொந்த முகவரி வெளியில் செய்யும் மாற்றமாக இருக்கலாம். மாட்யூல் (கெர்னலோடு சேர்க்கும் கூடுதல் பகுதி) ஏற்றுவது, இறக்குவது போன்றவை எல்லாக் கோர்களையும் தொடும். நிரல் ஓடும் நேரத்தில் அவற்றைச் செய்யாதிருப்பதைத் தவிர அதற்கு உங்கள் பக்கம் வழியில்லை.